யாழ்ப்பாணத்துக் கடைச்சற் கலை: உடுவிலை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பெரியனவற்றையே நாடுவர். கோயில், கோட்டை, குளம், கல்வெட்டு, செப்பேடு ஆகியனவே நமது நாட்டு வரலாற்றின் முதற் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கட்டிலின் கால், கதவின் குமிழ், குழந்தையின் கிலுக்கு, சிறுவனின் பம்பரம் என்பன அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. கல் நிலைக்கிறது, மரம் உக்கிப் போகிறது. கல்லைக் கொடுத்த அரசனின் பெயர் கல்லிலேயே நிற்கிறது; மரத்தைக் கடைந்தவனின் பெயர் எங்கும் நிற்பதில்லை. இவ்விரண்டு காரணங்களாலும் கடைச்சல் எனப்படும் கைவினை நமது வரலாற்று நூல்களிற் புறக்கணிக்கப்பட்டுள்ளது. அதனை உடுவில் என்னும் ஊரையும் அதன் அயலையும் மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஒரு சிறு பொருளை முன்வைத்துத் தொடங்குதல் நலம். மேலைநாட்டு மரங்கடைவோரிடையே இந்நாளிற் பெரிதும் விரும்பப்படும் சிறு வேலைப்பாடுகளுள் ஒன்று குருவிக்கூட்டு அணிகலனாகும். மூன்று, நான்கு அங்குல உயரமுள்ள இச்சிறு கூடு நத்தார் மரத்திலோ பலகணியிலோ தொங்கவிடப்படுகிறது. இதில் எக்குருவியும் குடியிருப்பதில்லை. உருண்ட உடல், அதன்மேற் கவிந்த கூரை, கீழே மெலிந்து முடியும் ஒரு குமிழ், நடுவே ஒரு சிறு துளை, துளையின் கீழ் ஊசிபோன்ற ஒரு கொம்பு ஆகியவையே இதன் உறுப்புகள். பார்வைக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் இதனுள் கடைச்சற் கலையின் அடிப்படை வினைகள் யாவும் அடங்கியுள்ளன. வெளிப்புறங் கடைதல், உட்குடைதல், துளையிடல், பொருத்தல், மெருகிடல் என்னும் ஐந்தையும் அறியாத ஒருவரால் இதனைச் செய்தல் இயலாது. எனவே கடைச்சலின் வரலாற்றைக் கற்க விழைவோர்க்கு இது ஒரு சிறந்த பாடப்பொருளாகும்.

சொல் தரும் சான்று

பொருள் அழிந்துபட்ட இடத்துச் சொல்லே சான்றாகிறது. தமிழில் ‘கடைதல்’ என்னும் வினை இரு பொருள்களை உடையது. மத்தினால் தயிர் கடைதல் ஒன்று. உளியினால் மரம் கடைதல் மற்றொன்று. தயிரைக் கலக்குவதும் மரத்தைச் செதுக்குவதும் தம்முள் வேறுபட்ட தொழில்கள். ஒன்றின் விளைவு வெண்ணெய். மற்றதன் விளைவு கட்டிற்கால். அவற்றை ஒரே சொல்லாற் குறித்தது எங்ஙனம்?

விடை இயக்கத்தில் உள்ளது. மத்தின் தண்டிற் கயிற்றைச் சுற்றி, அதன் இரு தலைப்பையும் மாறி மாறி இழுக்கும்போது தண்டு ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழல்கிறது. பழைய கடைச்சற் பொறியும் இம்முறையிலேயே இயங்கியது. இரு முனைகளுக்கிடையே நிறுத்தப்பட்ட மரத்தின்மீது வாரையோ கயிற்றையோ சுற்றி, உதவியாளர் ஒருவர் மாறி மாறி இழுப்பார். கடைபவர் தரையிலமர்ந்து, மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளியை அழுத்துவார். அது மறுபுறஞ் சுழலும்போது உளியைச் சற்றே விலக்குவார். மத்தும் பொறியும் கயிற்றால் இழுக்கப்பட்டு மாறிச் சுழல்வன என்பதே இரண்டிற்கும் பொதுவான இயல்பு. ஆகவே தமிழ்ச் சொல் தொழிலின் விளைவைக் குறிக்கவில்லை. அதன் இயக்கத்தைக் குறிக்கிறது. பாற்கடல் கடைந்த புராணக் கதையில் மந்தரமலை மத்தாகவும் வாசுகி கயிறாகவும் நிற்க, இரு திறத்தார் மாறி மாறி இழுத்தமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கடைச்சற் பட்டடையின் இயக்கமே அண்ட அளவிற்கு விரிக்கப்பட்டாற்போல அக்கதை அமைந்துள்ளது.

ஐரோப்பிய மொழிகளின் நிலை இதனின்றும் வேறானது. ஆங்கிலத்திற் கடைதலைக் குறிக்கும் சொல் இலத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் ‘தோர்னொஸ்’ என்னும் பெயரிலிருந்து வந்தது. அப்பெயர் வட்டம் வரையும் கவராயத்தையும் கடைச்சற் கருவியையும் குறித்தது. கிரேக்கன் வட்டத்தைக் கண்டான். தமிழன் கயிற்றைக் கண்டான் எனலாம். வட இந்திய மொழிகளில் வழங்கும் ‘கராத்’ என்னும் சொல்லோ பாரசீகத்தின் வழியாக வந்து சேர்ந்ததாகும். தென்னாட்டில் மலையாளத்திலும் கன்னடத்திலும் தமிழ்ச் சொல்லுக்கு இனமான வினைகள் இவ்விரு பொருளிலும் வழங்குகின்றன. பறோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஓரினமாகவே காட்டும். இம்மொழிகள் தம்முட் பிரிவதற்கு முன்னரே கயிற்றாற் சுழற்றி மரங்கடையும் வழக்கம் தென்னாட்டில் வேரூன்றியிருத்தல் கூடும் என்ற ஊகத்திற்கு இது இடமளிக்கிறது. ஒரு கைவினையின் தொன்மைக்குச் சொல் மட்டுமே போதிய சான்றாகாது என்பது உண்மையே. எனினும் இரவல் வாங்கப்படாத ஒரு சொல் இருப்பது, அத்தொழில் இம்மண்ணிற் புதியதன்று என்பதையேனும் உணர்த்தும்.

உடுவிலும் அகராதியும்

இச்சொல்லாராய்ச்சிக்கும் உடுவிலுக்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, சுன்னாகத்திற்கும் மானிப்பாய்க்கும் அண்மையில் அமைந்த இவ்வூரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்சுலோ 1820இல் தம் பணியைத் தொடங்கினார். அவர் மனைவியார் ஹரியற் வின்சுலோ 1824இல் இங்கு நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலையே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரியாகும். யாழ்ப்பாணத்து மிஷனரிமாரும் தமிழறிஞரும் சேர்ந்து ஈடுபட்ட சொற்றொகுப்பு முயற்சியின் முதற்கனியாக 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. வின்சுலோ 1836இற் சென்னைக்குச் சென்ற பின்னரும் அப்பணியைத் தொடர்ந்து, 1862இல் தமது பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை அங்கு அச்சேற்றினார். அவ்வகராதியிற் ‘கடைதல்’ என்பதன் கீழ் மத்தாற் கடைதலும் மரங்கடைதலும் ஒருங்கே இடம்பெற்றிருக்கின்றன.

இலக்கியச் சொற்களோடு தொழிற்சொற்களுக்கும் அகராதியில் இடமளிக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. நிகண்டு மரபு தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என வகுத்துச் செய்யுளுக்கு வேண்டிய சொற்களைத் தொகுத்தது. புதிய அகராதி மரபோ பட்டடையிலும் அடுக்களையிலும் வழங்கிய சொற்களையும் உள்வாங்கியது. அதன் முழுமுதல் நோக்கம் மதப்பணியே எனினும், பெயரறியாத் தொழிலாளரின் சொற்களிற் சில எழுத்தில் நிலைபெற்றமை அதன் பயன்களுள் ஒன்றாகும்.

இவ்விடத்து ஒரு தவறான முடிவை நாம் தவிர்த்தல் வேண்டும். குருவிக்கூட்டு அணிகலன் நத்தார் மரத்திற்குரியது. உடுவிலோ அமெரிக்க மிஷனரிமாரின் நிலையம். ஆதலின் இத்தகைய அணிகலன்கள் அவர்கள் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு வந்திருக்கும் என ஒருவர் எளிதிற் கருதிவிடலாம். அக்கருத்துப் பொருந்தாது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன், நியூ இங்கிலாந்தின் தூய்மைவாத மரபில் தோன்றியது. அம்மரபு நத்தாரைப் பெருவிழாவாகக் கொண்டாடியதன்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நத்தார் பொது விடுமுறையாகியது 1856இலேயே. ஆங்கில உலகில் நத்தார் மரம் பரவலானதும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். எனவே இச்சிறு அணிகலனின் வேரை அமெரிக்க மிஷனிலன்றி வேறிடத்தில் தேடுதல் வேண்டும். அது பின்னர்க் கூறப்படும்.

பொருள் தரும் சான்று

பண்டைய தமிழ் நூல்களுள் கடைச்சல் வேலைப்பாட்டை ஊகித்தறிய உதவும் பகுதிகளுள் நெடுநல்வாடை கூறும் அரசியின் கட்டில் பற்றிய பகுதி சிறப்பானது. போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தால் அக்கட்டில் இயற்றப்பட்டது என்றும், வல்லவன் ஒருவன் கூரிய உளியால் அதில் இலைவடிவங்களைச் செதுக்கினான் என்றும் புலவர் கூறுகிறார். அக்கட்டிலின் கால்களை வருணிக்குமிடத்துக் குடம்போற் பக்கம் திரண்ட பகுதியையும் உள்ளிப்பூண்டுபோல் திரண்ட அடியையும் சுட்டுகிறார். குடமும் உள்ளியும் சுழற்சியாற் பிறக்கும் வடிவங்கள். கைச்செதுக்காலும் அவற்றை ஆக்கலாமெனினும், ஓரச்சினைச் சுற்றிச் சமச்சீராகத் திரளும் உருவத்தை நான்கு கால்களுக்கும் ஒப்ப அமைப்பதற்குக் கடைச்சற் பொறியே இயல்பான வழியாகும். இன்றும் கட்டிற்காலைக் கடையும் தச்சர் குடம், குமிழ், கழுத்து, வளையம் என்னும் வடிவங்களையே மாறி மாறி அடுக்குகின்றனர்.

மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்துப் பெருமண்டபத்தைப் பற்றிக் கூறுகையில், மகத நாட்டாரும் மராட்டரும் அவந்தியாரும் யவனத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடி அதனை அமைத்ததாகக் கூறும். கைவினை அறிவு கடல் கடந்தும் நாடு கடந்தும் சென்ற காலமது. யவனர் அறிந்த கடைச்சலும் கயிற்றால் இயங்கியதே. எகிப்தில் கி.மு. 300 அளவில் அமைந்த பெற்றோசிரிஸ் என்பாரின் கல்லறையில் கடைச்சற் பொறி ஒன்றின் புடைப்போவியம் காணப்படுகிறது. பொறியின் உருவத்தைக் காட்டும் மிகப் பழைய சான்றாக அறிஞர் அதனைக் கொள்வர். ஒருவர் கயிற்றை இழுக்க மற்றவர் உளியைப் பிடிக்கும் காட்சி அதிலுண்டு.

உடுவிற் பிரதேச செயலர் பிரிவுக்குள் அடங்கும் கந்தரோடை யாழ்ப்பாணத்தின் தொல்லியற் களங்களுள் தலையாயது. போல் பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் அங்குள்ள சிறு தூபிகளைப் பற்றி எழுதினார். 1970இற் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், அரிக்கமேட்டிற் கிடைத்தவற்றை ஒத்த உருளைவரி மட்பாண்டங்களும் பெருங்கற்கால மரபைச் சேர்ந்த மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. இவை மரக் கடைச்சலுக்கு நேர்ச்சான்றுகளல்ல. எனினும் சுழலும் பொருளின்மீது கருவியை நிலையாகப் பிடித்து உருவமும் வரியும் அமைக்கும் அறிவு இவ்வயலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புழங்கியது என்பதை இவை காட்டும். குயவனின் திகிரி நிலைக்குத்தான அச்சிற் சுழல்கிறது; கடைச்சற் பொறி கிடையான அச்சிற் சுழல்கிறது. குயவன் மண்ணை வளர்க்கிறான். கடைபவன் மரத்தைக் குறைக்கிறான். இரு தொழிலுக்கும் அடிப்படையான வடிவ அறிவு ஒன்றே.

தென்னிந்தியாவிற் கல்லும் இவ்வறிவுக்கு ஆட்பட்டது. 1117இல் பேலூரில் அமைக்கப்பட்ட சென்னகேசவர் கோயில் உட்பட ஹொய்சளக் கோயில்களிற் காணப்படும் பளபளப்பான வட்டத்தூண்கள், மென்மையான மாக்கல்லைச் சுழற்றிக் கடைந்து ஆக்கப்பட்டவை எனக் கலைவரலாற்றாசிரியர் கொள்வர். மரத்தச்சனின் அறிவு கற்றச்சனுக்குக் கைமாறியதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கதிரையும் கருங்காலியும்

பதினேழாம் நூற்றாண்டில் கடைச்சல் புதிய தேவைகளைச் சந்தித்தது. யாழ்ப்பாண அரசு 1619இற் போர்த்துக்கேயரிடமும், பின்னர் 1658இல் ஒல்லாந்தரிடமும் வீழ்ந்தது. தரையிலும் பாயிலும் அமர்ந்த மக்களிடையே உயர்ந்த இருக்கைகள் பரவத் தொடங்கின. கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல் என யாழ்ப்பாணத்தார் இன்றும் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை. மேசையின் ‘லாச்சி’ ஒல்லாந்தர் தந்தது. ஆனால் இப்பொருள்களைச் செய்தவர்களுக்கும் செய்முறைக்கும் உரிய பெயர்கள் மாறவில்லை. கதிரை என்பது அயற்சொல். அதன் காலைக் கடைந்த ஓடாவி தமிழர். யாழ்ப்பாணத்திலே தச்சரைக் குறிக்கும் ‘ஓடாவி’ என்னும் சொல் மரக்கலங் கட்டுவோரையும் குறித்தது. பொருளுக்கு அயற்பெயரும் தொழிலுக்குத் தாய்மொழிப் பெயரும் வழங்குவது, எவர் கேட்டார், எவர் செய்தார் என்பதைப் பிரித்துக் காட்டும் வரலாற்றுச் சான்றாகும்.

இக்காலத்துச் சோழமண்டலக் கரையில், கருங்காலி மரத்தால் முறுக்குக் கடைச்சற் கம்பிகளோடு கூடிய கதிரைகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு ஐரோப்பியருக்கு விற்கப்பட்டன. அவற்றுட் சில இங்கிலாந்தை அடைந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளரான ஹொறஸ் வால்போல் இத்தகைய கருங்காலிக் கதிரைகளை ஆர்வத்தோடு சேகரித்தார். அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலத் தச்சரின் கைவண்ணம் என அவர் நம்பினார். அவரைப் பின்பற்றி வேறு பலரும் அவ்வாறே நம்பினர். அவை பதினேழாம் நூற்றாண்டிற் சோழமண்டலக் கரையிற் செய்யப்பட்டவை என்பது பிற்கால ஆராய்ச்சியாலேயே தெளிவாயிற்று. செய்தவரின் பெயரும் ஊரும் பொறிக்கப்படாத பொருள், அதனை வைத்திருப்பவர் கூறும் வரலாற்றையே தன் வரலாறாகப் பெற்றுவிடுகிறது என்பதற்கு இது ஒரு படிப்பினையாகும். தமிழ்க் கரையின் கைவினைஞர் இயற்றிய பொருள் பல தலைமுறையாக ஆங்கில அரசர்களின் பெருமைக்குச் சான்றாக நின்றது. கடைச்சலின் வரலாற்றை எழுதாதுவிடின் இழப்பது யாது என்னும் வினாவிற்கு இக்கதிரைகளே விடையளிக்கும்.

மரக்கலத் தொழிலும் இங்கு நினைவுகூரத்தக்கது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பாய்க்கப்பலின் கயிறுகளை இயக்கும் கப்பிகளுக்கு வட்டமான மரச் சில்லுகள் இன்றியமையாதவை. அவையும் கடைச்சலின் விளைவுகளே. வன்னிக் காடுகளின் பாலையும் முதிரையும் கருங்காலியும், வளவுகளில் வளர்ந்த வேம்பும் பூவரசும் இக்குடாநாட்டுத் தச்சருக்குத் தேவையான மரங்களை அளித்தன.

இசையும் விளையாட்டும்

கடைச்சலின் உயர்ந்த பயன்களுள் ஒன்று நாதசுரமாகும். உடுவிலுக்கு அயலூரான இணுவில், தவில் நாதசுரக் கலைஞர் பலரைத் தந்த ஊர். இணுவிற் கந்தசுவாமி கோயிலின் உலகப் பெருமஞ்சம் யாழ்ப்பாணத்து மரவேலைத் திறனுக்குப் பெருஞ்சான்றாக நிற்பது. மஞ்சம் பெரிது, நாதசுரம் சிறிது. ஆயினும் துல்லியத்தில் நாதசுரமே கடினமானது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கப்பேட்டை இக்கருவிக்குப் பெயர்பெற்ற ஊர். ஆச்சா மரத்தைக் கடைந்து, நடுவே துளையிட்டு, அத்துளை மேலே குறுகிக் கீழே விரியுமாறு அதனை அமைப்பர். துளை மயிரிழை விலகினும் சுரம் விலகும். இவ்வூரைச் சேர்ந்த ரங்கநாத ஆசாரியார், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்த நீண்ட பாரி நாயனம் இக்கருவியின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாயிற்று. நரசிங்கப்பேட்டை நாதசுரத்திற்கு 2022இற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கடைந்தவரின் பெயர் கலைஞனின் பெயரோடு சேர்ந்து நிலைத்த மிகச் சில சந்தர்ப்பங்களுள் இது ஒன்று.

மறுமுனையில் விளையாட்டுப் பொருள்கள் உள்ளன. பம்பரம் கயிற்றாற் கடையப்பட்டுக் கயிற்றாலேயே சுழற்றப்படுவது. மத்தும் கடைந்து ஆக்கப்பட்டுக் கடையவே பயன்படுவது. தொட்டிற் கம்பு, கிலுக்கு, சொப்புச் சாமான் ஆகியனவும் கடைச்சற் பட்டடையிற் பிறந்தவை. திருநெல்வேலிப் பகுதியின் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களுக்குப் பெயர்பெற்றது. கருநாடகத்துச் சன்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து பொம்மை செய்வர். சுழலும் மரத்தின்மீது நிறமூட்டிய அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்திற் படிகிறது. பின்னர்த் தாழை மடலால் அதனைத் தேய்த்து மெருகேற்றுவர். நெருப்பின்றியே இயக்கத்தால் வெப்பம் பெறும் இம்முறை மிக நுண்ணியது.

இலங்கையிலும் இதற்கு நிகரான மரபு உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், மாத்தளைப் பகுதி அரக்கு வேலைப்பாட்டினரைப் பற்றியும் அவர்கள் கடைச்சற் பொறியிற் செய்யும் பொருள்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளார். கண்டி அரசர் காலத்து அரச பட்டறைகள் ‘பட்டல்’ என அழைக்கப்பட்டன. சிங்களத்திற் கடைச்சற் பொறிக்கும் ‘பட்டல’ என்ற சொல் வழங்குகிறது. தமிழின் ‘பட்டடை’, ‘பட்டறை’ என்பவற்றோடு இதனை ஒப்புநோக்கின், கைவினைஞர் உலகில் மொழியெல்லை எத்துணை மெல்லியதாய் இருந்தது என்பது புலனாகும். அரசுகள் போரிட்ட காலத்திலும் உளிகள் தம்முட் கற்றுக்கொண்டே இருந்தன.

குருவிக்கூடு என்னும் பாடம்

இனி, தொடக்கத்திற் குறித்த குருவிக்கூட்டிற்கு வருவோம். அதன் வேர் ஜேர்மனியின் மலைப்பகுதி ஒன்றில் உள்ளது. எர்ஸ்கெபேர்க் மலைத்தொடரில் உள்ள சைபென் என்னும் ஊர் வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்தது. சுரங்கத் தொழில் நலிந்தபோது ஊரார் மரங்கடைதலுக்குத் திரும்பினர். பொம்மைகளும் நத்தார் அணிகலன்களும் அவர்களின் புதிய பிழைப்பாயின. அவர்கள் கையாண்ட வளையக் கடைச்சல் முறை வியப்புக்குரியது. ஈரமரத்தின் குறுக்குவெட்டு வட்டை வளையமாகக் கடைந்து, பின் அதனை ஆரைவழியே கத்தியாற் பிளந்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்டின் அல்லது குதிரையின் பக்கத்தோற்றமாக வெளிப்படும். பிளக்கும்வரை உருவத்தைக் கண்ணாற் காண இயலாது. கடைபவர் அதனை மனத்திற் காண்பார். ஜேர்மனியரின் நத்தார் மரபு அமெரிக்காவிற் பரவியது. அந்நாட்டில் 1986இல் மரங்கடைவோர் சங்கம் தோன்றியபின், வீட்டுப் பட்டறைகளிற் சிறு அணிகலன்கள் கடைவது பெருவழக்காயிற்று. குருவிக்கூட்டு அணிகலன் அச்சூழலில் நிலைபெற்றது.

இதனைச் செய்யும் முறை வருமாறு. முதலில் உடலுக்குரிய கட்டையை உருளையாக்கி, அதன் அச்சுவழியே துளைத்து உட்குடைவர். சுவர் மெலிய மெலியக் கூடு இலேசாகும். அளவு தவறின் உடைந்துவிடும். பக்கத்திலே நுழைவாயில் போன்ற துளையைக் குடைவதற்கு முன்னர் இடுவோரும் உண்டு, பின்னர் இடுவோரும் உண்டு. அடுத்து, மாறுபட்ட நிறமுடைய மரத்தில் கூரையைக் கடைவர். அதன் விளிம்பு இறவாரம்போல் உடலுக்கு வெளியே நீளும். கடைசியாகக் கீழ்க்குமிழ். இது நுனியில் ஊசியளவாக மெலிவதால், நுனியிலிருந்து தொடங்கிப் பிடிப்பை நோக்கியே கடைதல் வேண்டும். மெலிந்த பகுதிக்குத் திரும்பிச் சென்றால் அது முறிந்துவிடும். கையளவேயான தறிதுண்டு மரம் இதற்குப் போதுமானது. கதிரை செய்தபின் எஞ்சி விறகாகும் முதிரைத் துண்டும் கருங்காலித் துண்டும் இதில் மதிப்புப் பெறும்.

இவ்வடிவத்தை நோக்கும் தமிழருக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. அதன் கீழ்க்குமிழ் தேரிலும் மஞ்சத்திலும் தொங்கும் குமிழ்களை நினைவூட்டும். அதன் கருத்தோ நமது மொழியிலேயே உறைந்துள்ளது. வீட்டு மாடத்தில் வாழ்வதால் மாடப்புறா எனப் பெயர்பெற்ற பறவையும், மனிதரின் வீட்டையே அடைக்கலமாகக் கொண்டமையால் அடைக்கலக்குருவி என யாழ்ப்பாணத்தார் அழைக்கும் சிறு பறவையும் நம்மிடையே உள்ளன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலிற் கிளிக்கூட்டு மண்டபம் ஒன்றே உண்டு. பறவைக்கு இடமளித்தலை அறமாகக் கருதிய சமூகத்தில் குருவிக்கூடு வெறும் அலங்காரமாக நின்றுவிடாது. ஆதலால் இவ்வடிவத்தை நமது தச்சர் கையாளின், அதனைப் போலச்செய்தல் எனத் தள்ளுதல் பொருந்தாது. கதிரைக்காலிற் குடத்தையும் உள்ளியையும் அமைத்தவர்களின் வழிவந்தோர் அதனைத் தமதாக்கிக் கொள்வர்.

இழப்பும் கடமையும்

மரப்பொருளின் எதிரிகள் கறையானும் காலமும் மட்டுமல்ல. 1981 யூன் மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. உடுவிலும் இணுவிலும் கந்தரோடையும் அதில் அடங்கும். தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்ற மக்கள் கையிற் கொண்டு சென்றவற்றுட் கட்டிலும் அலுமாரியும் இருந்திருக்க இடமில்லை. திரும்பி வந்தோர் பலர் கண்டவை கூரையற்ற சுவர்களும் நிலையற்ற வாசல்களுமே. நூலகம் எரிந்தமை உலகறிந்த செய்தி. ஒரு முழுப் பகுதியின் தளபாடங்கள் சிதறியமையோ எவரும் கணக்கிடாத இழப்பு. அவற்றோடு பல தலைமுறைக் கடைச்சல் வேலைப்பாடுகளும் சென்றன. 1990இலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் தடைப்பட்டமையால் மின்பொறிகளும் ஓய்ந்தன. பின்னர்ப் பாதை திறந்தபோது பிளாஸ்ரிக் கதிரையும் இறக்குமதிப் பொம்மையும் சந்தையை நிறைத்தன.

எனினும் கடைச்சலின் வரலாறு முற்றாக அழிந்துவிடவில்லை. அது மூன்று இடங்களில் எஞ்சியுள்ளது. ஒன்று சொல், அகராதிகளிலும் ஓடாவிமாரின் பேச்சிலும் அது வாழ்கிறது. இரண்டாவது பொருள், கோயில் வாகனசாலைகளிலும் பழைய வீடுகளின் விறாந்தைகளிலும், புலம்பெயர்ந்தோர் எடுத்துச் சென்ற ஓரிரு பெட்டிகளிலும் அது கிடக்கிறது. மூன்றாவது இயக்கம், முதிய தச்சரின் கை அதனை மறக்கவில்லை. இம்மூன்றனுள் விரைந்து அழிவது மூன்றாவதே. நூலைப் படியெடுக்கலாம், கதிரையை அளந்து வரையலாம், கையின் அறிவை உரியவர் வாழும்போதே பதிவுசெய்தல் வேண்டும்.

இப்பணிக்குப் பெருநிதி தேவையில்லை. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது, ஓடாவியார் ஒருவரிடம் அமர்ந்து உளிகளின் பெயர்களையும் வடிவங்களின் பெயர்களையும் மரங்களின் தன்மைகளையும் கேட்டு எழுதினாலே போதும். ஒரு கட்டிற்காலைப் படம்பிடித்து, அது எந்த மரம், எவர் வீட்டிற்கு, எந்த ஆண்டளவில், எவரால் கடையப்பட்டது என்று குறித்தாலே போதும். கருங்காலிக் கதிரைகளுக்கு நேர்ந்தது இனி நமது பொருள்களுக்கு நேராதிருக்க அக்குறிப்பே காவலாகும்.

கைவினையாளர் சாதிப்படிநிலையால் ஒதுக்கப்பட்டிருந்த சமூகத்தில் அவர்களின் அறிவும் ஒதுக்கப்பட்டது. கட்டில் அரசிக்குரியதாயிற்று, கதிரை பிரபுவுக்குரியதாயிற்று, நாதசுரம் வித்துவானுக்குரியதாயிற்று. கடைந்தவருக்கு எஞ்சியது கூலி மட்டுமே. அவருக்குரிய வரலாற்றை அவருக்கு வழங்குதல் ஆய்வாளர் கடன். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அகராதிப் பணி ஒரு காலத்தில் தொழிலாளரின் சொற்களை எழுத்தில் ஏற்றியது. அச்சொற்களுக்குப் பின்னால் நின்ற கைகளை எழுத்தில் ஏற்றும் பணி நம் தலைமுறையினருக்கு உரியது.